உதட்டு வெடிப்பும் கொச்சி எண்ணெயும்

மார்கழி பிறந்ததும் தில்லியிலும் கான்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இரண்டு காட்சிகளைக் காணலாம். குழந்தைகளின் உதடுகள் வெடிக்கின்றன. அலமாரியில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கின்றது. நோயையும் மருந்தையும் ஒரே குளிர் நமக்கு நினைவூட்டுகின்றது. அம்மருந்தின் வரலாற்றை அறிய நாம் கொச்சிக்குச் செல்லவேண்டும்.

காயலை ஒட்டி அமைந்தது மட்டாஞ்சேரிக் கடைத்தெரு. கடற்காற்றின் ஈரம் மிகுந்த அவ்விடத்தில் குளிரால் உதடு வெடிப்பது அரிது. ஆயினும், வறண்ட நாடுகளுக்கு வேண்டிய எண்ணெய், மிளகோடும் சுக்கோடும் கொச்சியிலிருந்து கப்பலேறியது. மேனாட்டு வணிகர் உயர்தரத் தேங்காய் எண்ணெயைக் 'கொச்சின் எண்ணெய்' என்றே வழங்கினர்.

தென்னையின் பெருமை உலகறிய ஏடேறியதும் கொச்சியிலேதான். 1663-இல் டச்சுக்காரர் அந்நகரைக் கைப்பற்றினர். பின்னர் அங்கே தலைமை ஏற்ற வான் ரீடு, மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றிய செய்திகளைத் தொகுப்பித்தார். இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் அவருக்குத் துணைநின்றனர். அக்கொங்கணி மக்கள் இன்றும் மட்டாஞ்சேரியில் வாழ்கின்றனர். 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் முதலிடம் பெற்ற மரம் தென்னை.

எண்ணெய் செய்யும் உதவி யாது? உதட்டுத் தோல் மிக மெல்லியது. தன்னைக் காக்கும் எண்ணெய்ப் பசை அதற்கு மிகக் குறைவு. வறண்ட காற்று அதன் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றது. நாவால் நனைத்தாலோ, எச்சில் உலரும்போது வறட்சி இன்னும் மிகும். எண்ணெய்ப் பூச்சு ஈரம் வெளியேறாமல் தடுக்கின்றது.

எல்லா வெடிப்பும் பூச்சுக்கு அடங்குமா? அடங்காது என்பதை நீலகிரியின் குன்னூர் காட்டிற்று. அங்கிருந்த உணவு ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஆய்க்ராய்டும் கிருஷ்ணனும், அரிசியையே பெரிதும் உண்டு வந்த தென்னிந்தியக் குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கு வைட்டமின் பி2 குறைவே காரணம் என்று 1936-இல் எழுதினர். 1938-இல் அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்போர், உணவில் ரிபோஃப்ளேவின் குறைந்தால் உதடும் கடைவாயும் வெடிப்பதை நிறுவினர்.

ஆகவே, நேயர்களே, குளிரின்மீதே பழியைப் போட்டு நாம் வாளாவிருத்தல் ஆகாது. இரவில் உறைந்த எண்ணெயை உள்ளங்கையில் உருக்கிக் குழந்தையின் உதட்டில் தடவுவோம். உரிந்த தோலைப் பிய்க்க விடாதிருப்போம். கடைவாயில் வெடிப்புக் கண்டால் பால், தயிர், முட்டை, கீரை, பருப்பு ஆகியவற்றை உணவிற் சேர்ப்போம். இரண்டு, மூன்று வாரங்களில் ஆறாவிடில் மருத்துவரை நாடுவோம். கொச்சி தந்தது பூச்சு. குன்னூர் உணர்த்தியது உணவு. இரண்டும் நமக்கு வேண்டும்.