கேள்வித்தாளை முழுசாப் படி!



அம்பத்தூரில் கார் உதிரிபாகப் பட்டறை நடத்தும் என் பழைய மாணவன் வந்திருந்தான். "சார், தரச் சான்றிதழ் வாங்கியும் ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்துடுச்சு. ஒவ்வொரு கம்பெனியும் ஏன் தனியா ஒரு புத்தகம் தர்றாங்க?" என்றான்.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1980களில் அமெரிக்காவில் ஃபோர்டுக்கு கியூ-101 என்று ஒரு விதி. ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிறைஸ்லருக்கும் வேறு வேறு கையேடுகள். ஒரே மாணவன் மூன்று வாத்தியாருக்குத் தேர்வு எழுதிய கதைதான். சப்ளையர்கள் முறையிட்டார்கள். மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1994-ல் கியூஎஸ்-9000 கொண்டுவந்தன. 1999-ல் ஐரோப்பியர்களும் சேர்ந்து ஐஎஸ்ஓ/டிஎஸ் 16949 வந்தது. 2016-ல் அதன் இடத்துக்கு ஐஏடிஎஃப் 16949 வந்தது.

பொதுப் பாடம் ஒன்றானது. ஆனால் தனிக் கேள்விகள் போகவில்லை. வரைபடத்தில் பாதுகாப்புக்கான அளவைக் குறிக்க ஃபோர்டு தலைகீழ் முக்கோணம் போட்டது, கிறைஸ்லர் கேடயம் போட்டது. அந்த அளவுக்குத் தனிக் கட்டுப்பாடு வேண்டும். என் மாணவன் அப்படி ஒரு குறியைத்தான் சாதாரண அளவென்று விட்டுவிட்டான். அது பிரேக்கில் பொருத்தும் பாகம். திரும்பி வந்தது நல்லதுதான், வண்டியில் ஏறியிருந்தால்?

எந்த வாடிக்கையாளரின் நிபந்தனை நம் வேலையில் எங்கே நிறைவேறுகிறது என்று காட்டும் பட்டியலை 2016 விதியே கேட்கிறது. "அதை எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டு" என்றேன். தலையாட்டினான்.

ஐந்தாம் வகுப்பிலும் இப்படித்தான், கேள்வியைப் பாதி படித்துவிட்டு எழுத ஆரம்பிப்பான்!

அன்புடன்,
உங்கள் வாத்தியார்