மாறா இளமையும் மாட்டிறைச்சிச் சாறும்

திருத்தணிகை மலைக்குப் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்று பக்தர்கள் கணக்குச் சொல்வர். ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து கூட்டங் கூட்டமாக மக்கள் ஏறுகிறார்களே, அந்தப் படிகளின் உச்சியில் நிற்பவன் யார்? முருகன். முருகு என்றாலே இளமை, அழகு, மணம். குறிஞ்சி நிலத்துத் தமிழன் கண்ட இளமையின் வடிவத்தின்மீது, பின்னாளில் வந்தவர்கள் ஆறு முகமும் பன்னிரு கையும் பூணூலும் புராணமும் ஏற்றிவைத்தார்கள். அது தனிக் கதை. எதை ஏற்றினாலும் இளமையை மட்டும் அவர்கள் எடுத்துவிடவில்லை. மலைமேல் இருப்பவனுக்கு நரையில்லை, திரையில்லை. படியேறுகிறவனுக்கோ நூறாவது படியில் முழங்கால் பேசுகிறது. இருநூறாவது படியில் மூச்சுப் பேசுகிறது.

முழங்கால் ஏன் பேசுகிறது? இதைக் கேட்டவர்களுக்கு நம் நாட்டில் இருவகை விடை கிடைத்து வந்தது. முன்வினை என்றார் ஒருவர். தலையெழுத்தைப் படிக்கத் தட்சிணையும் வாங்கிக்கொண்டார். காயகற்பம் இருக்கிறது, கவலைப்படாதே என்றார் இன்னொருவர். பாதரசத்தைப் பற்பமாக்கிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சித்தர்களிலே சாதியைச் சாடியோர் உண்டு, சடங்கை எள்ளியோர் உண்டு. அவர்களை நாம் மதிக்கிறோம். அவர்கள் பெயரால் பாதரசம் விற்றவனை மதிக்க வேண்டியதில்லை. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. சாகாமைக்காக அதை உண்டவன் சாவுக்கு முன்பணம் கட்டியவனே.

மெய்யான விடை கிடைக்கத் தொடங்கிய இடம் மலையுச்சி அன்று. தணிகையிலிருந்து மேற்கே அதிகத் தொலைவில்லை, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. அங்கெல்லாம் தோல் ஷாப்பு என்று மக்கள் சொல்லும் பதனிடு கூடங்கள். உள்ளே நுழைந்தவனின் மூக்கு சுருங்கும். அந்தத் தொழிலைச் செய்தவனை ஊருக்கு வெளியே நிறுத்தியது இந்தச் சமுதாயம். ஆனால் மூப்பு என்றால் என்ன என்பதற்கான திறவுகோல் அவன் கையில்தான் இருந்தது.

ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவாரைக் கண்டதில்லை என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அதே ஆவாரையின் பட்டையைத்தான் தென்னாட்டுத் தொழிலாளி தோல் பதனிடத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினான். பச்சைத் தோலில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் இருக்கிறது. பட்டையின் துவர்ப்பொருள் அந்த நாரின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பிணைந்த தோல் அழுகாது. செருப்புக்கு ஆகும், சேணத்துக்கு ஆகும். ஆனால் உயிருள்ள தோலின் நெகிழ்ச்சி அதற்கு மீண்டும் வராது. பின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜோஹன் பியோர்க்ஸ்டன் என்ற வேதியியலார், ஜெலட்டின் படலங்கள் நாளாக ஆக இறுகிப் போவதை ஆராய்ந்தவர். 1942-இல் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார்: உடலின் மூப்பும் இத்தகைய பிணைப்பே, புரதங்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகுவதே. சுருங்கச் சொன்னால், ஒவ்வொரு மனிதனும் தன்னைத் தானே மெல்ல மெல்லப் பதனிட்டுக்கொண்டிருக்கிறான்! மூப்பு முழுவதையும் இந்த ஒரு காரணத்தில் அடக்கிவிட முடியாது என்பது இன்று தெளிவு. எனினும் அவர் தொட்ட இடம் சரியான இடம்.

அந்தக் கொலாஜன் எவ்வாறு முறுக்கப்பட்டிருக்கிறது என்று உலகுக்குக் காட்டிய ஊர் எது தெரியுமா? இலண்டன் அன்று, பாரிஸ் அன்று, நம் சென்னை. துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியாரின் அழைப்பில் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்று 1954-இல் அறிவித்தார். ஆராய்வதற்கான கங்காருவின் வால் நரம்பு எங்கிருந்து வந்தது? 1948-இல் தொடங்கப்பட்ட அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. கோயிலுக்குள் விடாத தோல், பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. நுழைந்து புகழும் பெற்றுத் தந்தது. இரண்டு அமினோ அமில அலகுகள் இணையும் இடத்தில் எந்தெந்தத் திருப்பங்கள் இயலும், எவை இயலா என்று அதே ஆசிரியர் தம் துணைவர்களுடன் 1963-இல் வரைந்த படம், இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இனி, நாரைப் பிணைப்பது எது என்று பார்ப்போம். உடலுக்குள் ஆவாரம்பட்டை இல்லை, சர்க்கரை இருக்கிறது. தோசை பொன்னிறமாவதையும் அதிரசம் சிவப்பதையும் அடுப்படியில் நாள்தோறும் காண்கிறோம். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் கூடிப் பழுப்பேறும் இவ்வினையை 1912-இல் விளக்கியவர் பிரெஞ்சு நாட்டு மெய்யார். அடுப்பில் நிமிடங்களில் நடப்பது, உடலின் 37 பாகைச் சூட்டில் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. குருதியின் சர்க்கரை புரதத்தின்மீது ஒட்டுகிறது. ஒட்டியது உருமாறி அடுத்த இழையைப் பற்றுகிறது. விரைவில் அழிந்து புதிதாகும் புரதத்துக்கு இதனால் பெருங்கேடில்லை. நெடுநாள் இருக்கும் புரதத்துக்குத்தான் ஆபத்து. தோலின் கொலாஜனில் பாதி புதிதாவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்; மூட்டுக் குருத்தெலும்பின் கொலாஜனுக்கோ 100 ஆண்டுக்கும் மேல்! முழங்கால் ஏன் முதலில் பேசுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணின் வில்லைப் புரதமோ பிறந்தது முதல் இறக்கும்வரை மாற்றப்படுவதே இல்லை.

இந்தத் தாக்குதலுக்கு உடலில் எதிர்ப்பே இல்லையா? உண்டு. அதைக் காட்டிக் கொடுத்தது மாட்டிறைச்சிச் சாறு.

தென் அமெரிக்காவில் அக்காலத்தில் மாடுகளைத் தோலுக்காகவே கொன்றனர், இறைச்சி வீணாயிற்று. அதைக் காய்ச்சிக் குறுக்கிச் சாறாக்கும் முறையை ஜெர்மானிய வேதியியலார் லீபிக் வகுத்தார். 1865-இல் அவர் பெயரில் கம்பெனி எழுந்து, உருகுவே நாட்டின் ஃபிரே பென்டோஸ் ஊரிலிருந்து சாறு உலகெங்கும் சென்றது. 1900-இல், அன்றைய ருஷ்யப் பேரரசில், குலேவிச் என்பவர் தம் துணைவர் அமிராஜிபியுடன் அந்தச் சாற்றைப் பிரித்தாராய்ந்து ஒரு புதுப்பொருளைக் கண்டார். இலத்தீனில் ஊனைக் குறிக்கும் சொல்லிலிருந்து கார்னோசின் என்று பெயரிட்டார். ஊனியம் என்று நாம் தமிழாக்கலாம். தமிழாக்கினால் சைவர் சிலர் காதைப் பொத்திக்கொள்வர் என்பதால் கார்னோசின் என்றே எழுதுகிறோம்.

அதன் அமைப்பு 1918-இல் தெளிவாயிற்று. இரண்டே அமினோ அமிலங்களின் இணைப்பு: ஒன்று ஹிஸ்டிடின், மற்றது பீட்டா அலனின். பின்னது எந்தப் புரதத்திலும் இடம்பெறாத வகை. ஆகவே புரதத்தை அரியும் வழக்கமான நொதிகள் கார்னோசினை எளிதில் தீண்டுவதில்லை. மனிதத் தசையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிராம் இருக்கிறது. எதற்காக? உழைக்கும் தசையில் ஊறும் அமிலத்தைத் தாங்குவதற்கு என்றனர் முதலில். களைத்துப்போன தவளைத் தசை கார்னோசின் சேர்த்ததும் மீண்டும் இயங்கியதை மாஸ்கோவில் செவரின் 1953-இல் காட்டினார்.

1990-களில்தான் அடுத்த திரை விலகிற்று. இலண்டனில் ஹிப்கிஸ் என்பவரும் துணைவர்களும் சர்க்கரையையும் புரதத்தையும் ஆய்வுக்குழாயில் சேர்த்து வைத்து, உடன் கார்னோசினையும் இட்டனர். புரதம் பெரும்பாலும் தப்பியது. எப்படி? புரதத்தின்மேல் சர்க்கரை பற்றக்கூடிய கொக்கி எத்தகையதோ, அத்தகைய கொக்கியைக் கார்னோசினும் வைத்திருக்கிறது. சர்க்கரையும், கொழுப்புக் கெடும்போது பிறக்கும் நச்சு ஆல்டிஹைடுகளும் அதைப் பற்றிக்கொள்கின்றன, புரதம் விடப்படுகிறது. வேலுக்குத் தன் மார்பைக் காட்டும் மெய்க்காவலன் போல என்று சொல்லலாம். ஒரு வேறுபாடு உண்டு: இக்காவலனுக்கு நடுகல் கிடையாது, சிறுநீரோடு வெளியேறுகிறான்.

1994-இல் ஆஸ்திரேலியாவில் மக்ஃபார்லண்டும் ராபின் ஹாலிடேயும் மனிதச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தனர். இத்தகைய செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் மூப்படைந்து நின்றுவிடும் என்பதை ஹேஃப்ளிக் 1961-இலேயே காட்டியிருந்தார். கார்னோசின் ஊட்டிய செல்களில் மூப்பின் தோற்றம் தாமதித்தது. மூப்படைந்த செல்கள் கூட இளமைத் தோற்றம் கொண்டன. மாறா இளமை! செய்தி பரவிற்று. பரவியதும் யார் வந்தார்? காயகற்பக்காரர் வந்தார். இம்முறை காவியில்லை, வெள்ளை அங்கி. பொட்டலம் இல்லை, பளபளக்கும் குப்பி.

இங்கேதான் பகுத்தறிவாளன் நிற்க வேண்டும். தட்டில் வளர்ந்த செல் மனிதன் ஆகாது. விழுங்கிய கார்னோசின் குருதியில் நிலைப்பதில்லை. அதை வெட்டும் நொதி மனிதக் குருதியில் இருக்கிறது. எலியின் குருதியில் அந்நொதி இல்லை. ஆகவே எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குச் சொல்வது விஞ்ஞானம் ஆகாது, விற்பனை. கார்னோசின் விழுங்கியதால் ஒரு மனிதனின் வாழ்நாள் நீண்டது என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை.

மாட்டிறைச்சி உண்பவன் என்று இழித்துரைக்கப்பட்ட தோழர்கள், "பார், எங்கள் உணவில்தான் இளமை மருந்து" என்று திருப்பிச் சொல்ல ஆசைப்படலாம். ஆசை நியாயமானது, வாதம் நியாயமானதன்று. புலால் உண்ணாதார் தசையில் கார்னோசின் குறைவு என்பது அளந்து கண்ட உண்மை. ஆனால் அதனால் அவர்கள் விரைந்து மூப்படைகிறார்கள் என்பதற்குச் சான்றில்லை. பீட்டா அலனினை நம் கல்லீரலே ஆக்குகிறது. ஹிஸ்டிடின் பருப்பிலும் பயற்றிலும் உண்டு. இரண்டையும் தசை தானே இணைத்துக்கொள்கிறது. அக்கிரகாரத்துத் தசையும் சேரித் தசையும் ஒரே நொதியால் ஒரே பொருளைச் செய்கின்றன. சாத்துவிக உணவு, தாமச உணவு என்று பிரித்து மனிதரையும் பிரித்த சாத்திரம், தசைக்குள் எட்டிப் பார்த்தால் அங்கே தனக்கு இடமில்லை என்று காணும்.

இளமைக் குப்பியை விட நமக்கு நெருக்கமான செய்தி நீரிழிவு பற்றியது. நீரிழிவுக்காரர் குருதியில் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் மிகுதி என்று 1968-இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பார் கண்டார். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். ஆகவே அதில் ஒட்டிய சர்க்கரை, கடந்த மூன்று மாதக் கணக்கைக் காட்டிவிடுகிறது. சிற்றூர் ஆய்வுக்கூடங்களிலும் இன்று செய்யப்படும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை அதுவே. சோதனைக்கு முன்னிரண்டு நாள் பட்டினி கிடந்து மருத்துவரை ஏமாற்றப் பார்ப்பவரைக் கூட அது காட்டிக்கொடுக்கும். 2005-இல் ஜெர்மானிய ஆய்வாளர் குழு, கார்னோசினை வெட்டும் நொதியின் மரபணுவில் ஒரு வகையைப் பெற்ற நீரிழிவுக்காரர்க்குச் சிறுநீரகக் கேடு குறைவாக இருப்பதைக் கண்டது. அந்த வகையினர் குருதியில் நொதியும் குறைவாகவே இருந்தது. எல்லா மக்களிடத்தும் இது ஒரேபோல் காணப்படவில்லை. ஆராய்ச்சி தொடர்கிறது. அதற்கிடையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரலோ கையோ நீட்டிக் குருதி கொடுத்து, ஒட்டிய சர்க்கரையின் எண்ணை அறிந்து, அதைக் குறைப்பதற்கு வழி தேடுவது இன்றே இயலும்; 365 படியும் ஏறி இறங்கினால் அந்த எண் சற்றுக் குறையவும் கூடும். உச்சியில் யார் நிற்கிறார் என்பது அந்தக் கணக்கில் சேராது.