மாற்றாக வந்து இயல்பானவை: லினக்ஸ் தொகுப்பு மேலாளர்களின் கதை

லினக்ஸ் வழங்கல் ஒவ்வொன்றோடும் மென்பொருளை நிறுவவும் புதுப்பிக்கவும் நீக்கவும் ஒரு கட்டளை சேர்ந்தே வருகிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் அது ஆப்ட், ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பேக்மேன். அந்தந்த வழங்கலோடு கூடவே பிறந்தவை இவை என்றுதான் புதிய பயனருக்குத் தோன்றும். ஆனால் ஆப்டும் டிஎன்எஃப்பும் முதலில் எழுதப்பட்டது அப்போது வழக்கிலிருந்த வேறொரு கருவிக்கு மாற்றாக. அவற்றுக்கு மாற்றாகப் பின்னால் வந்தவற்றில் சில மறைந்தன. சிலவற்றின் நல்ல அம்சங்களை இயல்புக் கட்டளைகள் தமக்குள் எடுத்துக்கொண்டன.

தொடக்க காலத்தில் மூலநிரலை இறக்கி, தன் கணினியிலேயே தொகுத்து நிறுவுவதுதான் வழக்கம். எந்தக் கோப்பு எந்த நிரலோடு வந்தது என்ற கணக்கு எங்கும் இருக்காது என்பதால் நிறுவியதை நீக்குவது நிறுவுவதைவிடக் கடினமாக இருந்தது. 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக், அடுத்த ஜனவரியில் அந்தக் கணக்கை வைக்கும் டிபிகேஜியை ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதினார். அது பெர்லுக்கு மாறி, 1994-க்குள்ளேயே இயன் ஜாக்சனின் கையால் சி மொழிக்கு வந்தது. ரெட் ஹாட் நிறுவனத்தில் எரிக் ட்ரோனும் மார்க் யூயிங்கும் உருவாக்கிய ஆர்பிஎம் 1995-இல் வெளியானது. இரண்டுக்கும் ஒரே குறை. ஒரு தொகுப்பு இயங்க வேறு எவை தேவை என்று அவற்றுக்குத் தெரியும். தேவையானதைத் தேடிக் கொண்டுவரத் தெரியாது. ஒரு நிரலை நிறுவப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும், அந்த இன்னொன்று மேலும் இரண்டைக் கேட்கும். இந்த அலைச்சலுக்குப் பயனர்கள் வைத்த பெயர் ‘சார்பு நரகம்’.

டெபியனில் அதற்கு முதலில் வந்த விடை டிசெலக்ட். அதுவும் இயன் ஜாக்சன் எழுதியதே. முனையத்தின் முழுத் திரையிலும் தொகுப்புகளின் பட்டியல் விரியும். கூட்டல் குறியை அழுத்தினால் தேர்வு, கழித்தல் குறியை அழுத்தினால் நீக்கம். முரண்பாடு நேர்ந்தால் வேறொரு திரை குறுக்கே வந்து நிற்கும், அதைத் தீர்த்த பிறகுதான் பழைய பட்டியலுக்குத் திரும்ப முடியும். சில நூறு தொகுப்புகள் இருந்த காலத்துக்கு இது பொருந்தியது. 1998 ஜூலையில் வெளியான டெபியன் 2.0-இல் தொகுப்புகள் 1500-ஐத் தாண்டிவிட்டன. டெபியனை நிறுவ முயன்று டிசெலக்ட் திரையோடு கைவிட்டவர்கள் பலர். நிரலின் தர்க்கம் சரியாகவே இருந்தது, மனிதர் அதை எதிர்கொள்ளும் விதம்தான் சரியாக அமையவில்லை.

டிசெலக்ட்டை அகற்றிவிட்டு அந்த இடத்தில் புதிய இடைமுகம் ஒன்றை வைக்கும் நோக்கத்தோடு தொடங்கிய திட்டத்துக்கு முதலில் டீட்டி என்று பெயர். அந்தத் திட்டம் கனவு கண்ட இடைமுகம் கடைசிவரை வரவில்லை. அதன் அடித்தளமாக எழுதப்பட்ட நூலகமும், அதன்மேல் அமைந்த ஆப்ட்-கெட் என்ற எளிய கட்டளையும்தான் வந்தன. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1-இல் அவை இடம்பெற்றன. தொகுப்பின் பெயரைச் சொன்னால் போதும். தொகுப்புகள் சேமிக்கப்பட்ட களஞ்சியத்திலிருந்து அதையும் அதன் சார்புகளையும் ஆப்ட்-கெட் இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் ஒப்படைக்கும். டிசெலக்ட் உடனே ஒழிந்துவிடவில்லை. ஆப்டைத் தன் இறக்கும் வழிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

ஆப்ட் நூலகமாக எழுதப்பட்டதால், அதன்மேல் யார் வேண்டுமானாலும் வேறு முகம் பொருத்தலாம் என்றானது. அப்படி முதலில் வந்து நிலைத்தது 1999-இல் டேனியல் பர்ரோஸ் தொடங்கிய ஆப்டிட்யூட். கட்டளையாகவும் அழைக்கலாம், வெறுமனே அழைத்தால் மடங்கி விரியும் மரப் பட்டியலோடு முழுத்திரையில் திறக்கும். டிசெலக்ட் செய்ய முயன்றதை ஆப்டிட்யூட் செய்து காட்டியது. ஆனால் அதன் உண்மையான பங்களிப்பு வேறு இரண்டு. பயனர் கேட்டு நிறுவியது எது, சார்புக்காகத் தானாக வந்தது எது என்று அது குறித்து வைத்தது. கேட்ட நிரலை நீக்கினால், அதற்காக வந்து இனி யாருக்கும் தேவைப்படாதவையும் கூடவே போய்விடும். இரண்டாவது, முரண்பாடு வந்தால் தீர்வுகளை ஒவ்வொன்றாக முன்வைத்தது. பிடிக்கவில்லை என்றால் அடுத்ததைக் கேட்கலாம். முதலில் வரும் தீர்வு சில சமயம் பாதிக் கணினியையே நீக்கச் சொல்லும் என்ற புகாரும் கூடவே எழுந்தது.

2005-இல் டெபியன் 3.1 வெளியானபோது, பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்துவோர் ஆப்டிட்யூட்டையே பயன்படுத்துமாறு அதிகாரபூர்வ வெளியீட்டுக் குறிப்பு பரிந்துரைத்தது. மாற்று ஒன்று இயல்பான கருவியை முந்திய நேரம் அது, ஆனால் நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னர் ஆப்ட்-கெட்டும் தானாக வந்த தொகுப்புகளைக் குறித்து வைக்கத் தொடங்கியது. 2011-இன் டெபியன் 6.0-க்கான பரிந்துரை மீண்டும் ஆப்ட்-கெட் பக்கம் திரும்பியது. இந்தப் போட்டிக்கு ஒரு விளையாட்டு முகமும் உண்டு. தன்னிடம் ‘சூப்பர் பசு’ ஆற்றல் இருப்பதாக ஆப்ட்-கெட்டின் உதவிப்பக்கம் அறிவிக்கும்; தன்னிடம் அது இல்லை என்று ஆப்டிட்யூட்டின் உதவிப்பக்கம் அடக்கமாகச் சொல்லும். அந்த அடக்கத்துக்கு ஈடாக மைன்ஸ்வீப்பர் ஆட்டம் ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கிறது.

கட்டளை வரியையே தவிர்க்க விரும்பியவர்களுக்கான கருவி பிரேசிலிலிருந்து வந்தது. குரிடிபா நகரின் கொனெக்டிவா நிறுவனம் ஆர்பிஎம் தொகுப்புகளில் அமைந்த வழங்கலை வெளியிட்டு வந்தது; 2000-ஐ ஒட்டி டெபியனின் ஆப்டை ஆர்பிஎம்முக்கு ஏற்றபடி மாற்றியது. அதற்கு ஒரு வரைகலை முகமாக ஆல்ஃப்ரெடோ கொஜிமா 2001-இல் தொடங்கியதே சினாப்டிக். விண்டோ மேக்கர் என்ற சாளர மேலாளரையும் உருவாக்கியவர் அவர். ஆர்பிஎம் உலகத்துக்காகப் பிறந்த சினாப்டிக் கடைசியில் டெபியன் குடும்பத்தில்தான் நிலைத்தது. உபுண்டு அதைத் தொடக்க காலம் முதல் உடன் தந்து, 2011 அக்டோபரின் 11.10 பதிப்பில் கைவிட்டது. அதற்குள் கடைபோல் தோற்றம் தரும் மென்பொருள் மையம் அந்த இடத்துக்கு வந்திருந்தது. படமும் விமர்சனமும் காட்டும் அந்த மையம் பின்னர் கைவிடப்பட்டது. சார்புகளையும் பதிப்புகளையும் ஒளிக்காமல் காட்டும் சினாப்டிக்கோ, வேண்டுபவர் நிறுவிக்கொள்ளும் கருவியாகக் களஞ்சியத்தில் தொடர்கிறது.

ஆர்பிஎம் பக்கத்தில் இயல்புக் கருவியே வெளியிலிருந்து வந்தது. ரெட் ஹாட் தந்த அப்2டேட் அந்த நிறுவனத்தின் சேவையில் பதிவு செய்வதோடு பிணைந்திருந்தது. பவர்பிசி கணினிகளுக்கான யெல்லோ டாக் லினக்ஸில் யப் என்ற புதுப்பிக்கும் கருவி இருந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பதற்காக சேத் விடாலும் மைக்கேல் ஸ்டென்னரும் அதை எடுத்துத் திருத்தி எழுதினார்கள், யம் பிறந்தது. பைத்தானில் எழுதப்பட்டது, யாரும் தங்கள் இணைய வழங்கியில் ஒரு கோப்புறையைக் களஞ்சியமாக்கிவிடலாம். 2003-இல் ஃபெடோராவின் முதல் பதிப்பிலேயே யம் இடம்பெற்றது. 2007-இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 5 வந்தபோது அப்2டேட்டின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

யம்மின் பலவீனம் வேகம். சார்புகளைத் தீர்ப்பது பார்வைக்கு எளிய வேலை, உள்ளே அப்படியல்ல. குறிப்பிட்ட தொகுப்பை நிறுவ முடியுமா என்ற கேள்வி, கணினியியல் என்பி-முழுமை என வகைப்படுத்தும் கடினமான கணக்குகளில் ஒன்று என்பதை ஐரோப்பிய ஆய்வுத் திட்டமான எடோஸ் 2006-இல் நிறுவியது. அப்படியானால் அத்தகைய கணக்குகளுக்கென்றே தருக்கவியலில் வளர்ந்திருந்த முறைகளைக் கையாளலாமே என்று சூசே நிறுவனப் பொறியாளர்கள் முயன்றார்கள். 2008 ஜூனில் வெளியான ஓபன்சூசே 11.0-இல் அந்தப் புதிய தீர்வுமுறை இடம்பெற்று, நிறுவும் வேகத்தை வெகுவாகக் கூட்டியது. அதிலிருந்து வளர்ந்த லிப்சால்வ் நூலகத்தை ஃபெடோராவும் எடுத்துக்கொண்டது. யம்மிலிருந்து கிளைத்த டிஎன்எஃப் அதன்மேல் எழுதப்பட்டு, 2013-இல் ஃபெடோரா 18-இல் மாற்றாக நுழைந்து, 2015 மேயில் ஃபெடோரா 22-இல் இயல்பானது. இன்று ரெட் ஹாட் பயனர் பழக்கத்தால் யம் என்று தட்டினாலும் இயங்குவது டிஎன்எஃப்தான்.

இவை எல்லாம் ஒரே அடிப்படையை ஏற்றவை: கணினியில் ஒரு நூலகத்தின் ஒரு பதிப்பு, எல்லா நிரலும் அதைப் பகிர வேண்டும். அந்த அடிப்படையையே மறுத்தது நிக்ஸ். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003-இல் தொடங்கி, 2006-இல் முனைவர் ஆய்வேடாக விரித்த முறை அது. ஒவ்வொரு தொகுப்பும் தான் கட்டப்பட்ட பொருள்கள் அனைத்திலிருந்தும் கணக்கிட்ட ஓர் அடையாளத்தைப் பெயரில் சுமந்து தனிக் கோப்புறையில் அமர்கிறது. ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் மோதாமல் அருகருகே இருக்கலாம், மேம்படுத்தல் பிழைத்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். குனூ திட்டத்தின் கீக்ஸ் 2012-இல் அதே கருத்தை ஸ்கீம் மொழியில் கையாண்டது. இரண்டையும் டெபியனின்மேல் ஆப்டைத் தொடாமலே நிறுவிக்கொள்ள முடியும். மாற்றுகளில் மிகவும் அடிப்படையானது இதுதான். கற்கக் கடினம் என்பதால் பொதுப் பயனரிடம் பரவவில்லை.

ஆர்ச் லினக்ஸில் வேறொரு வழக்கம் வளர்ந்தது. 2002-இல் ஜட் வினெட் எழுதிய பேக்மேன் ஏற்கெனவே கட்டப்பட்ட தொகுப்புகளை மட்டுமே நிறுவும். பயனர்களே பதிவேற்றும் கட்டுமானக் குறிப்புகளைத் தானாக இறக்கித் தொகுக்க யோர்ட், பின்னர் யே, பாரு போன்ற துணைக் கருவிகள் அடுத்தடுத்து வந்தன. இவற்றில் எதையும் ஆர்ச் அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. யாரோ எழுதிய குறிப்பைப் படிக்காமல் இயக்குவது பயனரின் சொந்தப் பொறுப்பு என்பதே அதன் நிலை.

இதற்கிடையில் வழங்கல்களின் எல்லையையே கடக்கும் பொதிகளும் பரவின: ஆப்இமேஜ், 2016 முதல் அப்பெயரால் அறியப்படும் ஃபிளாட்பேக், உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கலின் ஸ்னாப். இவை நிரலை அதன் சார்புகளோடு கட்டித் தருபவை; தொகுப்பு மேலாளரின் அருகே நின்று வேலை செய்கின்றனவே தவிர அதன் இடத்தைக் கேட்பதில்லை.

ஆப்டின் முகத்தை மாற்றும் முயற்சி டெபியன் உலகில் இன்னும் ஓயவில்லை. 2014 ஏப்ரல் 1-இல் வெளியான ஆப்ட் 1.0, முன்னேற்றப் பட்டையோடு ஆப்ட் என்ற சுருக்கமான கட்டளையைத் தந்தது. அதுவும் போதாது என்றவர்களுக்கு வந்தது நாலா. 2023-இன் டெபியன் 12 களஞ்சியத்தில் சேர்ந்த இந்தப் பைத்தான் நிரல் செய்யப்போவதை வண்ண அட்டவணையாகக் காட்டும், பல தொகுப்புகளை ஒரே நேரத்தில் இறக்கும், முன்பு செய்ததை வரலாற்றிலிருந்து திருப்பும். 2025 ஏப்ரலில் வெளியான ஆப்ட் 3.0 தன் வெளியீட்டை வண்ணங்களிலும் நெடுவரிசைகளிலும் காட்டத் தொடங்கியது, கூடவே புதிய சார்புத் தீர்வுமுறையையும் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெபியன் 13-உடன் அது பரவலாகக் கிடைத்தது. ஆர்பிஎம் பக்கத்தில், பைத்தானிலிருந்து சி++ மொழிக்குப் பெயர்த்து எழுதப்பட்ட டிஎன்எஃப்5 அதற்கு முந்தைய அக்டோபரிலேயே ஃபெடோரா 41-இன் இயல்புக் கட்டளை ஆகிவிட்டது.