வாத்தியார் சம்பளம்: மன்றோ காலத்துக் கணக்கு

சென்னை மாகாணத்தில் ஆசிரியர்களின் வருமானம் அரசாங்கத் தாளில் ஏறியது, பள்ளிகளை எண்ணப்போன இடத்தில்தான். மாகாணத்தை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி நிலத்தை அளந்திருந்தது, விளைச்சலையும் மக்கள்தொகையையும் கணக்கெடுத்திருந்தது. கல்வியைப் பற்றி மட்டும் அதற்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. 1822 ஜூன் 25 தேதியிட்ட குறிப்பில் இதைச் சுட்டிக்காட்டிய ஆளுநர் தாமஸ் மன்றோ, கணக்கெடுக்க உத்தரவிட்டார். வருவாய் வாரியத்தின் வழியாகக் கலெக்டர்களுக்குப் படிவம் போனது.

படிவத்தில் பள்ளிகள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, என்ன சாதி, ஆணா பெண்ணா என்று கட்டங்கள் இருந்தன. படிக்கும் நூல்கள், படிக்கும் காலம், பிள்ளைகள் கட்டும் பணம், மானியம் உண்டா என்பவற்றையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். வாத்தியாருக்கு என்ன கிடைக்கிறது என்று தனியே கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை: அந்நாளில் தமிழில் பிள்ளை கட்டுவதற்கும் சம்பளம் என்றுதான் பெயர், வாத்தியார் வாங்குவதற்கும் அதே பெயர்தான்.

பதில்கள் வந்துசேர மூன்று ஆண்டுகள் ஆயின. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை மற்றவற்றைவிட ஒரு படி மேல். தம் மாவட்டத்து 533 பள்ளிகளில் ஒன்றுகூட அரசின் உதவி பெறவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். ஐரோப்பியத் துணிகள் வந்து நெசவாளர் கை வறண்டதால் ஊர்கள் வறுமைப்பட்டன, பள்ளிகள் குறைந்தன என்று காரணமும் சொன்னார். பெற்றோர் கையில் காசில்லாவிட்டால் வாத்தியார் கையிலும் இருக்காது.

1826 மார்ச் 10ஆம் தேதி மன்றோ கணக்கைத் தொகுத்தார். பள்ளிகள் 12,498, பிள்ளைகள் சுமார் 1,88,000. பிள்ளைகள் கட்டியது ஆளுக்கு மாதம் நான்கு, ஆறு, எட்டு அணா. பெரும்பாலான வாத்தியார்களுக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை என்று எழுதினார். கூட்டிப் பார்த்தாலும் ஒத்துவருகிறது. ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் பதினைந்து பிள்ளைகள். தலைக்கு ஆறு அணா என்றால் 90 அணா, அதாவது 5 ரூபாய் 10 அணா. எட்டு அணா கொடுக்கும் வீடுகளே அமைந்தாலும் ஏழரை ரூபாய்தான். நவராத்திரியில் பிள்ளைகளோடு வீடு வீடாகப் போய்ப் பெறும் வரும்படி போன்றவை இந்தக் கணக்கில் இல்லை.

தகுதியுள்ளவர்கள் இந்த வேலைக்கு வர இந்த வருமானம் போதாது என்பது மன்றோவின் முடிவு. கலெக்டரேட்டுக்கு இரண்டாக 40 பள்ளிகள், தாசில் பள்ளிகள் 300 என்று திட்டம் போட்டார். முன்னதில் ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், பின்னதில் 9 ரூபாய். ஒன்பது ரூபாய் குறைவாகத் தோன்றினாலும், பிள்ளைகளிடமிருந்து இன்னொரு ஒன்பது வரும். ஸ்காட்லாந்துக் கிராம வாத்தியாரைவிட இவர் நிலைமை மேலாகவே இருக்கும் என்று கிளாஸ்கோவில் பிறந்த மன்றோ கணக்குப் போட்டார். பாடநூல் சங்கத்துக்குத் தருவதையும் சேர்த்து ஆண்டுச் செலவு 48,000 ரூபாய்.

அடுத்த ஆண்டே மன்றோ காலராவில் இறந்தார். 1828இல் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் திட்டத்தை ஏற்றார்கள். ஆனால் திட்டமிட்ட எண்ணிக்கையில் பள்ளிகள் எழவே இல்லை. எழுந்தவையும் 1836இல் மூடப்பட்டன.