வரைபடம் தொலைந்த ஆம்ப்ளிஃபயர்கள்

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைப் பழுதுபார்க்க முனைவோரின் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இதன் மின்சுற்று வரைபடம் எங்கே கிடைக்கும்? கிடைக்காது என்றானதும் பலர் பெட்டியை மூடிவிடுகின்றனர். வரைபடமின்றிப் பழுதுபார்க்க இயலாது என்னும் இவ்வெண்ணத்தை வரலாறு ஆதரிக்கவில்லை என்பதே நம் கருத்து.

அமெரிக்காவில் ஜான் ரைடர் 1930களில் வானொலிப் பெட்டிகளின் வரைபடங்களைத் திரட்டித் தடித்த தொகுதிகளாக அச்சிட்டார். 1946இல் இண்டியானபொலிஸ் நகரில் ஹோவர்ட் சாம்ஸ் நிறுவிய பதிப்பகமோ வேறு வழியைக் கைக்கொண்டது. சந்தைக்கு வந்த பெட்டியைப் பெற்று, பிரித்து, ஒளிப்படமெடுத்து, ஒவ்வோர் இணைப்பையும் தொடர்ந்து சென்று, மின்னழுத்தங்களை அளந்து, வரைபடத்தைத் தாமே வரைந்து 'ஃபோட்டோஃபாக்ட்' என்ற பெயரில் வெளியிட்டனர். பழுதுபார்ப்போர் பல்லாண்டுகள் வேதம்போல் நம்பிய அத்தாள்கள், வரைபடம் இல்லாத மேசையில் பிறந்தவை.

டிரான்சிஸ்டர் காலத்தில் இவ்வேலை எளிதாயிற்று என்றுகூடச் சொல்லலாம். காரணம், ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பணியாற்றிய எச்.சி. லின் 1956இல் வெளியிட்ட ஒரு சுற்று. ஒன்றுக்கொன்று எதிர்வகையான, ஆனால் ஒத்த திறனுள்ள ஆற்றல் டிரான்சிஸ்டர்கள் அப்போது அரிது. எனவே ஒரே வகையில் இரண்டை வைத்து, எதிர்வகை இணைபோல் இயங்கச் செய்தார் அவர். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கும் வேலையில்லாமற் போயிற்று. பின்வந்தோர் அதை எவ்வளவோ திருத்தினர். ஆயினும் 1970களின் பெட்டிகள் மிகப்பலவற்றில் ஒரே எலும்புக்கூட்டைத்தான் காண்கிறோம்: நுழைவில் ஒப்பிடும் ஓர் இணை, நடுவில் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு டிரான்சிஸ்டர், இறுதியில் ஹீட்சிங்கில் திருகப்பட்ட ஆற்றல் டிரான்சிஸ்டர்கள்.

இரண்டாவது உதவி ஸ்டீரியோவிடமிருந்தே வருகிறது. இரு சேனல் ஒலிப்பதிவுக்கு ஆலன் புளூம்லைன் 1931இல் இங்கிலாந்தில் காப்புரிமை கோரினார். (1942இல் ராடார் சோதனை விமானம் வீழ்ந்து இறந்த அவர், 1958இல் கடைகளுக்கு வந்த ஸ்டீரியோ இசைத்தட்டுகளைக் காணவில்லை.) பழுதுபார்ப்பவருக்கு அது ஒரே சுற்றின் இரு படிகளை ஒரே பெட்டிக்குள் வைத்துத் தந்தது. இடது ஊமையாகி வலது பாடிக்கொண்டிருந்தால், வலதே இடதின் வரைபடம்.

செய்முறைக்குப் பொறுமை வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, பெரிய மின்தேக்கிகளின் மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியே வடித்துவிட வேண்டும்; 40 வோல்ட்டுக்கு மேலும் தேங்கியிருக்கலாம். பின் மல்டிமீட்டரால் இரு சேனல்களிலும் ஒத்த இடங்களின் மின்தடையை மாறிமாறி அளக்கிறோம். மின்சாரம் பாயும்போது அளப்பதைத் தள்ளிவைக்கக் காரணம் உண்டு. வெளியீட்டிலிருந்து நுழைவுக்குத் திரும்பும் பின்னூட்டம் சுற்று முழுவதையும் ஒரே வளையமாக்கிவிடுகிறது. ஓரிடத்துக் கோளாறு எல்லா இடத்து அழுத்தங்களையும் கலைத்துவிடும். அணைந்த நிலையில் குற்றவாளி தனித்து நிற்பான். பெரும்பாலும் அது ஆற்றல் டிரான்சிஸ்டர், 0.22 அல்லது 0.47 ஓம் மின்தடையொன்றும் அதனுடன் சேர்ந்தே போயிருக்கும். கருகிய மின்தடையின் நிறக்கோடுகள் அழிந்திருந்தால், மறுசேனலில் அதன் இரட்டையை வாசிக்கலாம். டிரான்சிஸ்டர் மேல் 'சி1815' என்றிருந்தால் அது ஜப்பானிய வழக்கப்படி 2எஸ்சி1815, முன்னொட்டை அச்சிடுவதில்லை. ஏ, பி எழுத்துகள் பிஎன்பி வகை; சி, டி என்பிஎன்.

இம்முறை ஏமாற்றும் இடங்களும் உண்டு. இரு சேனல்களும் ஒரே வயதின. ஒன்றின் மின்தேக்கி வறண்டிருந்தால் மற்றதும் வறண்டிருக்கக்கூடும், ஒப்பீடு அதைக் காட்டாது. மின்வழங்கி பல பெட்டிகளில் இரண்டுக்கும் பொது. அதற்கு இரட்டை இல்லை. சான்யோவின் எஸ்.டி.கே. தொகுப்புகள் கொண்ட பெட்டிகளில் சுற்றே ஒரு கறுப்புக் கட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே கட்டி முழுவதையும் மாற்றுவதுதான் வழி. சந்தையிலோ போலிகள் மிகுதி.

உறுப்புகளை மாற்றியபின் உடனே முழு மின்சாரத்தையும் பாய்ச்சுவதில்லை. 60 அல்லது 100 வாட் இழைவிளக்கு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து இயக்குகிறோம். குறுக்குச்சுற்று எஞ்சியிருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரியும். புது டிரான்சிஸ்டர் பிழைக்கும். ஒருமுறை ஒளிர்ந்து மங்கினால் நல்லது. அடுத்து ஸ்பீக்கர் முனையில் டி.சி. மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம். முதலில் விலை குறைந்த ஒன்றை.