மை இல்லாத ஊசி

பல்லாவரம் ரேடியல் சாலையில் ஒரு சரும கிளினிக். முதுகலை இரண்டாமாண்டு படிக்கும் என் மாணவி, கன்னம் மரத்துப்போவதற்கான களிம்பைப் பூசிக்கொண்டு காத்திருந்தாள். பருத் தழும்புகளுக்கு மைக்ரோநீட்லிங். பெண் கேட்டிருந்த வீட்டார், 'முகத்தைக் கொஞ்சம் சரிபண்ணிக்கச் சொல்லுங்க' என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். துணைக்குப் போன எனக்கு என் ஆயாவின் முன்கை நினைவுக்கு வந்தது. அதில் ஒரு புள்ளிக்கோலம், ஒரு தேள், மணிக்கட்டருகே தாத்தா பெயரின் முதலெழுத்து.

இரண்டும் ஒரே ஊசிதான் என்று பிறகு படித்தபோது தெரிந்தது. உவமைக்காகச் சொல்லவில்லை. மாண்ட்ரியலில் ஆந்த்ரே காமிராண்ட் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், முகச்சுருக்க அறுவைக்குப் பின் வெளுத்துப்போன தழும்புகளின்மேல் தோல் நிற மையைப் பச்சை குத்தி மறைத்துவந்தார். ஓரிரு ஆண்டில் மை மங்கிவிட்டது, தழும்போ தேறியிருந்தது. குத்தியதுதான் வேலை செய்திருக்கிறது என்று ஊகித்து, ஜோஸ்லின் டூசேயுடன் சேர்ந்து பச்சை குத்தும் கருவியை மை தொடாமல் ஓட்டிப் பார்த்தார். 1997இல் கட்டுரை வெளியானது. ஏறத்தாழ அதே காலத்தில் கேப் டவுனில் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸும் இதே வழியில் முயன்று, பின்னர் முட்கள் பதித்த உருளையைக் கொண்டுவந்தார். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் நூற்றுக்கணக்கான நுண்காயங்கள் உண்டாகின்றன. உடல் அவற்றை ஆற்றும்போது புதுக் கொலாஜனை நெய்கிறது. பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஒருமுறை செய்தால் போதாது. பச்சையின் மை தங்குவதும் கிட்டத்தட்ட அதே ஆழத்தில்தான்.

நம்மூரில் அந்த ஆழத்தை அறிந்திருந்தவர்கள் குறவர் சமூகப் பெண்கள். விளக்குப் புகையில் படியும் கரியைக் குழைத்து, கோலத்தை முதலில் தோலின்மேல் வரைந்துகொண்டு, கட்டிய ஊசிகளால் குத்துவார்கள். கரி கறுப்புதான். தோலுக்கடியில் இருந்து பார்க்கும்போது நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. பெயரும் அப்படியே அமைந்துவிட்டது. சங்கப் பாடல்களில் தலைவன் எழுதும் தொய்யிலைப் பாடம் நடத்தியே பழகியவள் நான். அது சந்தனக் குழம்பு, குளித்தால் போய்விடும். பெண்ணின் கை பெண்ணின் தோலில் எழுதி, சிதைவரை கூட வந்த எழுத்துக்கு எங்கள் பாடத்திட்டத்தில் இடமே இருந்ததில்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இதைக் குறித்துவைத்தார். மூக்கை அளந்து சாதிகளை வகைப்படுத்தப் பார்த்த மனிதர் அவர். குத்தும்போது வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடுவார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார். பாடியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களைப் பெயர் எழுதிக் கணக்கு வைத்துக்கொண்டது காவல் நிலையம். 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, குறவர் பிரிவுகள் பல அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஊர் ஊராகப் போய்த்தான் செய்ய முடிகிற தொழிலில், ஊர் விட்டு ஊர் போவதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல். ஊசியைத் தொட்டாலே தீட்டு, திருட்டு என்ற பேச்சு அத்தோடு நின்றுவிடவில்லை.

பழையதைப் போற்றிப் பாட நான் வரவில்லை. என் ஆயாவுக்குப் பச்சை குத்தியபோது வயது பதினொன்று. யாரும் அவளைக் கேட்கவில்லை. அந்த முதலெழுத்து கல்யாணத்துக்குப் பிறகு வந்தது, அதற்கும் கேட்கவில்லை. ஒரே ஊசி எத்தனை கைகளுக்குப் போனதோ! "வலிச்சுதா ஆயா?" என்றால், "அவ பாட்டைக் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்பாள். தேளைக் காட்டி, "இது மட்டும் நானே கேட்டுக் குத்திக்கிட்டது" என்று சிரிப்பாள்.

பல்லாவரத்துக்குத் தோல் வியாபாரம் புதிதல்ல. பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலைதான். பட்டறையில் அது தோல், கிளினிக்கில் 'ஸ்கின்'. அங்கே மருத்துவர் மாணவியிடம், "உங்களுக்கு டைப் ஃபைவ்" என்றார். தோலை நிறத்தால் வகைப்படுத்தும் இந்த அளவுகோலை 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்தார். முதலில் அதில் இருந்தவை வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகள் மட்டுமே. பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்து, ஆறு என்று பின்னால் சேர்த்தார்கள். லேசரின் சூடு பட்டால் நம் தோல் கறுத்துப்போகும் அபாயம் அதிகம். ஊசி சுடுவதில்லை, மேல்தோலையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது. கடைசியாகச் சேர்க்கப்பட்ட தோலுக்கு ஊசிதான் ஒத்துவருகிறது.

உள்ளே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கருவி ஓட ஓட நெற்றியில் பொட்டுப் பொட்டாக ரத்தம். உதவிக்கு நின்ற பெண், திரிசூலம் பக்கத்துக்காரராம், விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்: எந்தக் காலேஜ், எந்த பஸ், வீட்டில் யார் யார். மாணவி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும் முகம் வெயிலில் காய்ந்ததுபோல் சிவந்திருந்தது. துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சந்தையில் அட்டைப்பெட்டி கூட இல்லாமல் ஒரு முள் உருளையைப் பார்த்ததாகவும், அதை வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்றும் கேட்டாள். "வேண்டாம்மா" என்றேன். அடுத்தவர் ரத்தம் பட்ட ஊசியால் என்னவெல்லாம் வரும் என்பதைச் சொன்னேன்.

மூன்றாவது முறைக்குப் போகும்போது அந்த வரன் இல்லை. வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்களாம். பிறகு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "நாலு தடவைக்கும் சேர்த்துப் பணம் கட்டிட்டோம் மேம். இனிமே எனக்காகத்தான்னு வெச்சுக்கங்களேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "உங்க ஆயா தேளுக்கு எத்தனை கால் இருந்துச்சு?" என்று கேட்டாள். ஆறு. எட்டு இருந்திருக்க வேண்டும்.