வீதியைத் தாங்கும் மண்

வீதியொன்று குழிவிழுமாயின் கல்லையும் தாரையும் குறைகூறுவது உலக வழக்கம். அவற்றின் கீழே கிடக்கும் மண்ணை நினைப்பார் சிலரே. அம்மண்ணே வீதியின் உண்மையான அத்திவாரம் என்பதை மனிதன் உணர நெடுங்காலம் சென்றது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நெடுவீதிகள் பல ஆயக் கழகங்களின் பொறுப்பில் இருந்தன. வழிப்போக்கரிடம் ஆயம் பெற்று, அப்பணத்தால் வீதியைப் பேணுவது அவற்றின் கடமை. சேறு கண்ட இடமெல்லாம் மேலும் மேலும் கல்லைக் கொட்டினர். களிமண்ணோடு கலந்த அக்கல் மழைநீரை உள்ளே விட்டது, கீழ்மண் குழைந்தது, கல் அதனுள் அமிழ்ந்தது. மக்கள் கொடுத்த பணமும் அதனோடு அமிழ்ந்தது.

1816ஆம் ஆண்டில் பிறிஸ்ரல் நகரைச் சார்ந்த வீதிகளின் பொறுப்பை ஏற்றார், ஸ்கொத்லாந்திலே பிறந்த ஜோன் லூடன் மக்கடம். அவர் காலத்துப் பெரும் பொறியியலாளரான தோமஸ் ரெல்போட் பெருங்கற்களை அடியில் அடுக்கி அவற்றின்மீது வீதி சமைத்தார். மக்கடமோ அவ்வடுக்கு வேண்டாம் என்றார். பாரத்தைச் சுமப்பது இயற்கை மண்ணே. அது உலர்ந்திருக்கும்வரை அமிழாது என்பது அவர் கொள்கை. ஆகவே வீதியை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தினார். நீர் வடிய வழி செய்தார். மண் கலவாத, 6 அவுன்சுக்கு மேற்படாத உடைகல்லை ஏறத்தாழ 10 அங்குலக் கனத்துக்குப் பரப்பினார். அக்கல் ஒன்றோடொன்று இறுகி, மண்ணைக் காக்கும் கூரைபோல் அமைந்தது. அவ்வகை வீதிக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று.

ஆயினும், மண்ணுக்கு மண் குணம் வேறுபடும். எம்மண் எவ்வளவு சுமக்கும் என அளந்தறியும் வழி மக்கடத்திடம் இருக்கவில்லை. பாரமான மோட்டார் வண்டிகள் பெருகிய 20ஆம் நூற்றாண்டிலே அக்குறை வெளிப்பட்டது. 1928, 1929ஆம் ஆண்டுகளில் கலிபோர்ணியாவில் ஓ. ஜே. போட்டர் என்பார் பழுதுற்ற வீதிகளை ஆராய்ந்தார். நீரூறிய மண் பக்கங்களிற் பிதுங்குவதையும், செறிவற்ற மண் சமமின்றி அமிழ்வதையும் காரணங்களாகக் கண்டார். மண்ணை நீரில் ஊறவைத்து, உருக்குத் தண்டொன்றை அதனுள் அழுத்தி, அதன் வலிமையை உடைகல்லின் வலிமையோடு ஒப்பிடும் சோதனை அவ்வாராய்ச்சியிற் பிறந்தது. மண்ணை இறுக்குவதற்கு ஏற்ற ஈர அளவொன்று உண்டென்பதை 1933இல் பிறொக்ரர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் விளக்கினார். ஈரம் குறைந்தால் மண்துகள்கள் நெருங்கமாட்டா. மிகுந்தால் அவற்றிடையே நீரே இடம்பிடித்துக்கொள்ளும்.

இவ்வறிவு இலங்கைக்கும் வேண்டுவதே. மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனின் கரிய களிமண் மாரியில் வீங்கும். கோடையிற் சுருங்கி வெடிக்கும். இத்தகைய மண்மேல் எத்துணை நல்ல தாரிட்டாலும், கீழ்மண் அசையும்போது மேற்பரப்பும் பிளக்கும். நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து இறுக்கினால் அதன் வீக்கம் தணியும். களி ஆழமில்லாத இடத்தில் அதனை அகற்றிக் கிரவல் இட்டு நிரப்பலாம். எதனைச் செய்யினும் வடிகால் தூர்ந்துபோக விட்டால் பயனில்லை. குழி விழுந்த வீதியைத் திருத்தப் புகுவோர் முதலிற் பார்க்கவேண்டியது, மழைநீர் எங்கே தேங்கி நிற்கின்றது என்பதையே.